கண்ணாடிக்கு வெளியே பனி, காருக்குள் புழுக்கம்

கேள்வி: என்னிடம் இருப்பது 1996 மாடல் ஜெர்மன் டீசல் கார். வாப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனமில்லை. ஏசி போட்டால் நடு வென்ட்டில் காற்றே வருவதில்லை. எல்லாம் முன் கண்ணாடிக்கும் காலடிக்கும் போய்விடுகிறது. விடியற்காலையில் தனுஷ்கோடி போனால் கண்ணாடியின் வெளிப்பக்கம் மூடிக்கொள்கிறது. இரண்டு தடவை கேஸ் நிரப்பியும் பயனில்லை. சாவியைத் திருப்பிய பிறகும் எஞ்சின் நாலைந்து விநாடி ஓடித்தான் நிற்கிறது. இது வேறு கோளாறா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: தம்பி, இனிமேல் கேஸுக்குக் காசு கொடுக்காதீர்கள். காற்று ஜில்லென்றுதான் வருகிறது. இல்லாவிட்டால் கண்ணாடி வெளியே வேர்க்காது. வழிதான் மாறிப்போகிறது. கடைசியாக எழுதினீர்களே, அந்த நாலைந்து விநாடி, அதுதான் எனக்குக் கோளாறைக் காட்டியது.

உங்கள் வண்டியில் டேஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பும் கதவுகளை இழுப்பது வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசை. பெட்ரோல் எஞ்சினில் அது காற்று உள்ளே போகும் இன்டேக்கிலிருந்தே கிடைக்கும். டீசலுக்குத் தனி பம்பு உண்டு. பட்டனை அமுக்கினால் மின்சாரத்தில் இயங்கும் சோலனாய்டு வால்வு திறந்து, வாக்குவம் மெல்லிய குழாய் வழியே டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு உள்ள ஒரு டப்பாவை உறிஞ்சும். டப்பா கம்பியை இழுக்கும், கதவு திறக்கும். உறிஞ்சல் போனால் ஸ்பிரிங் கதவைத் தள்ளிக் காற்றைக் கண்ணாடிக்கு விட்டுவிடும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். குளிர்நாட்டில் கண்ணாடி உள்பக்கம் மூடும். எது கெட்டாலும் ஓட்டுகிறவர் பார்வை மறையக்கூடாது. நம் கடற்கரையிலோ வெளிக்காற்றில்தான் ஈரம். கண்ணாடி குளிர்ந்ததும் வெளிப்பக்கம் பூத்துவிடுகிறது. சரிசெய்யும்வரை வைப்பரைப் போட்டு, குளிரைக் குறைத்து ஓட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் டீசலை நிறுத்துவதும் இதே வாக்குவம்தான். ஆக, எங்கோ கசிகிறது.

டேஷ்போர்டைக் கழற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். முன்பு ஒரு வண்டிக்கு இரண்டு நாள் டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டேன். கடைசியில் பானட்டுக்குள் முழங்கை மாதிரி வளைந்த, இரண்டு விரல் நீள ரப்பர் இணைப்பு ஒன்று வெடித்திருந்தது. அன்றிலிருந்து முதலில் பானட்தான்.

கேபினுக்குள் போகும் மெல்லிய குழாயை ரப்பர் இணைப்பில் பிரித்து, பம்பு பக்கத்து முனையை அடைத்துவிடுங்கள். ஸ்டார்ட் செய்து நிறுத்துங்கள். பட்டென்று நின்றால் கசிவு கேபின் பக்கம். அப்போதும் எஞ்சின் உடனே நிற்காவிட்டால் பம்பையும் சாவிப் பக்கத்து வால்வையும் பார்க்க வேண்டும்.

கேபின் பக்கம் என்றால் ஒவ்வொரு டப்பாவின் குழாயிலும் மீட்டர் உள்ள வாக்குவம் கைப்பம்பை மாட்டி, மெர்க்குரிக் கணக்கில் 15 அங்குலம் இழுங்கள். சங்கு குளிக்கிறவர் மூச்சடக்குகிற மாதிரி முள் ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். கைப்பம்பு இல்லையா? மருந்துக்கடையில் 50 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். நல்ல டப்பா என்றால் இழுக்கும்போது கை உணரும், விட்டால் திரும்ப இழுக்கும். டயாஃப்ரம் கிழிந்திருந்தால் வெறும் காற்றில் இழுத்த மாதிரி லேசாக வரும். கிழிந்த டப்பாவின் குழாயை மட்டும் அடைத்துவிட்டால், மற்றவை வேலை செய்யும். புது டப்பா கிடைக்கும்வரை அது போதும்.

எல்லாப் பழியையும் உப்புக்காற்றின் மேல் போடுவார்கள். ரப்பரைக் கெடுப்பது பெரும்பாலும் சூடும் வயதும். உப்பு கடிப்பது சோலனாய்டின் டெர்மினலை. பச்சைக் களிம்பு படிந்திருந்தால் சுத்தம் செய்யுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். பிரேக் பூஸ்டருக்கும் அதே பம்புதான். பருமனான அந்தக் குழாயைத் தொடாதீர்கள். பெடல் கல்லு மாதிரி இறுகினால் பாம்பன் பாலம் ஏற வேண்டாம். வண்டியை அங்கேயே விட்டுவிட்டு மெக்கானிக்கை வரவழையுங்கள்.