பூச்சி, புழு, இம்யூனிட்டி: கேட்டதுக்கெல்லாம் பதில்

ஸ்கூல்ல பூச்சி குளிசை குடுத்ததுலருந்து கேள்வி குமிஞ்சிருச்சு, அதான் ஒரே மூச்சுல சொல்லிடுறேன். நான் ஊசி போடுற டாக்டர் இல்ல, எலிக் குடல்ல இருக்கிற புழு அந்த எலியோட இம்யூனிட்டிய எப்படி அடக்குதுன்னு பாக்கிற லேப்ல வேலை. அதனால மருந்துச் சீட்டு மட்டும் என்கிட்ட கேக்காதீங்க.

தலவாக்கலை சுதா: அக்கா, மகன் மூனாம் வகுப்பு. குளிசை குடுத்து நாலு நாளாச்சு, ஒரு பூச்சியும் வெளிய வரல. மருந்து வேலை செய்யலையா?

வேலை செஞ்சிருக்கும் தங்கச்சி. இப்ப குடுக்கிற மெபெண்டசோல் புழுவ உடனே அடிச்சு தள்ற மருந்து இல்ல, அது சீனிச்சத்து உறிஞ்சுறத தடுத்து பட்டினி போட்டு மெதுவா கொல்லும், செத்தது பாதி கரைஞ்சு கழிவோட கழிவா போயிரும், கண்ணுக்கு தெரியணும்னு இல்ல. இல்லன்னா மகனுக்கு புழுவே இல்லாம இருந்திருக்கலாம். 2019ல வெளியான நாடு தழுவின சர்வேல இலங்கை ஆரம்பப் பள்ளிப் புள்ளைங்கள்ல 1 சதவீதம் பேருக்குத்தான் இந்த மண் வழி புழு இருந்திச்சு. ஆனா தோட்டப்புற ஸ்கூல்கள்ல மட்டும் எடுத்துப் பாத்தா 9 சதவீதம். அந்த வித்தியாசத்த பாருங்க, அதுக்கு மேல நான் என்னத்த சொல்ல.

பொகவந்தலாவை பெரியம்மா: ராத்திரி பல்ல நறநறன்னு கடிக்கிறான், பூச்சிதானே? இனிப்ப கொறைக்கவா?

பல்லு கடிக்கிறதுக்கும் பூச்சிக்கும் சம்பந்தம் இல்ல பெரியம்மா. இனிப்புலருந்து பூச்சி வராது, முட்டை வாய்க்குள்ள போயோ குஞ்சு தோல்ல நொழைஞ்சோதான் வரும். இனிப்ப பல்லுக்காக கொறைங்க.

ஹட்டன் பிரகாஷ்: வைரஸையே அடிக்கிற நம்ம உடம்பு, ஒரு முழ நீளத்துக்கு கெடக்குற நாக்குப்பூச்சிய ஏங்க்கா சும்மா விடுது?

இதத்தான் தம்பி நான் தெனம் பாக்குறேன். மொதல்ல, சும்மா விடல. வைரஸ்னா செல்லுக்குள்ள பூந்துக்கும், அந்த செல்ல கொன்னா கத முடிஞ்சிது. புழு அப்படி இல்ல, பெரிய நாக்குப்பூச்சி 30 சென்டிமீட்டருக்கு மேல வளரும், இத எந்த வெள்ளணுவும் முழுங்க முடியாது. அதனால உடம்பு வேற வழி வச்சிருக்கு. குடல் சுவத்துல டஃப்ட் செல்லுன்னு ஒன்னு இருக்கு, ரொம்ப காலமா அது என்னத்துக்கு இருக்குன்னே யாருக்கும் தெரியல, 2016லதான் மூனு குழு தனித்தனியா கண்டுபுடிச்சாங்க, புழு வந்தா மொதல்ல மோப்பம் புடிக்கிறது அதுதான்னு. அது ஐ.எல்-25னு ஒரு சிக்னல் விடும், அதுல வேற செல்லுங்க கெளம்பி ஐ.எல்-13 விடும், ஒடனே குடல்ல சளி கூடும், தண்ணி சுரக்கும், குடல் தசை இறுக்கி இறுக்கி தள்ளும். கொல்ல முடியலன்னா கழுவி வெளிய தள்றது, அதான் திட்டம்.

இது நல்லாவே வேலை செய்யும். எங்க லேப்ல ஒரு வகைப் புழு, நிப்போஸ்ட்ராங்கிலஸ்னு பேரு, அத எலிக்கு குடுத்தா பத்து நாள் வாக்குல எலி தொடச்சு வெளிய தள்ளிரும். இன்னொரு வகை ஹெலிக்மோசோமாய்டிஸ், அத அதே எலிக்கு குடுத்தா மாசக்கணக்கா உள்ளயே கெடக்கும். எலி ஒன்னுதான், இம்யூனிட்டியும் ஒன்னுதான், அப்ப வித்தியாசம் புழுகிட்டத்தானே இருக்கணும்?

இருக்கு. குடல் செல்லு காயப்பட்டா ஐ.எல்-33ன்னு ஒன்னு வெளிய வரும், நம்ம தோட்டத்துல வெள்ளன பெரட்டுக்கு தப்பு அடிச்சு ஆள் கூப்புடுவாங்கள்ல, அந்த மாதிரி. இந்த ஹெலிக்மோசோமாய்டிஸ் புழு ஹெச்.பி.ஆரின்னு ஒரு புரதத்த கக்குது, அது ஒரு பக்கம் ஐ.எல்-33ஐயும் இன்னொரு பக்கம் செத்த செல்லோட டி.என்.ஏ.வையும் சேத்து புடிச்சுக்கும், சிக்னல் செல்லவிட்டு வெளியவே போகாது. எடின்பரோல ஹென்றி மெக்சார்லி குழு 2017ல இத காட்டினாங்க. அதே வருஷம் ரிக் மைசல்ஸ் குழு இன்னொன்னு காட்டினாங்க, அது எனக்கு இன்னும் பிரமிப்பு. நம்ம உடம்புல டி.ஜி.எஃப்-பீட்டான்னு "போதும், சண்டைய நிறுத்து"ன்னு சொல்ற ஒரு மூலக்கூறு இருக்கு. புழு அந்த வேலைய செய்ய டி.ஜி.எம்னு சொந்தமா ஒன்னு செய்யுது, உருவத்துல ரெண்டுக்கும் துளி சம்பந்தம் இல்ல, ஆனா போய் ஒட்டுறது செல்லு சிக்னல் வாங்குற அதே ரிசப்டர்ல, விளைவும் அதே. சண்டைய அடக்குற டி-ரெக் செல்லுங்க கூடிரும். அதனால புழு ஒளிஞ்சிருக்குன்னு நெனைக்காதீங்க, அது வெட்டவெளியில உக்காந்துக்கிட்டு எசமானோட உத்தரவ தானே போடுது.

மஸ்கெலியா கொழுந்து: மலையில அட்டை கடிச்சா அது வழியா புழு உள்ள வருமா?

வராது. அட்டை ரத்தம் குடிச்சிட்டு விழுந்துரும். பயப்பட வேண்டியது அட்டைக்கு இல்ல, கால் வைக்கிற மண்ணுக்கு.

கினிகத்தேனை ரவி: அப்ப சப்பாத்து போட்டா போதுமா? எங்க தாத்தா காலத்துல வெறுங்காலோடதான் மலைக்கு போனாங்க.

கொக்கிப்புழுவுக்கு சப்பாத்து நல்ல தடை, ஆனா நாக்குப்பூச்சி முட்டை வாய் வழி வர்றது, அதுக்கு கை கழுவணும். கொக்கிப்புழு தோல் வழி வருதுன்னு தெரிஞ்சதே ஒரு தற்செயல்தான். கெய்ரோவுல ஆர்தர் லூஸ்னு ஒரு ஆராய்ச்சியாளர், 1890கள் கடைசில, புழுக்குஞ்சு இருந்த தண்ணி கையில சிந்தி, அந்த இடம் செவந்து அரிச்சிருக்கு, பெறகு பாத்தா அவரோட மலத்துலயே முட்டை. தோல்ல நொழைஞ்சு, ரத்தத்தோட நுரையீரலுக்கு போயி, தொண்டைக்கு ஏறி, முழுங்கப்பட்டு குடலுக்கு வந்து சேருது. என்ன ஒரு சுத்துப்பயணம்.

உங்க தாத்தா காலத்த சொன்னீங்களே, 1916 வாக்குல ராக்ஃபெல்லர் ஃபவுண்டேஷன் சிலோன் தோட்டங்கள்ல கொக்கிப்புழு ஒழிப்புன்னு எறங்கினாங்க, செனோபோடியம் எண்ணெய் குடுத்தாங்க, அது நஞ்சுள்ள சாமான். வேலைக்காரன் தெம்பா இருந்தாத்தான் கொழுந்து நெறையும்ங்கிற கணக்கும் அதுல இருந்திச்சு. ஆனா மருந்த குடுத்துட்டு கக்கூஸ் கட்ட காசு செலவழிக்க தோட்டத்து ஆளுங்க தயங்கினாங்க. அதுல வந்த பலன் எப்படி நெலைக்கும், குளிசை மண்ணுல கெடக்குற முட்டைய தொடாதே, குணமான ஆளு ஒரு மழைக்காலத்துலயே திரும்ப புடிச்சுக்குவான். கொக்கிப்புழு, நெக்கேட்டர் வகைன்னா, ஒன்னு ஒரு நாளைக்கு சுமாரா 0.03 மில்லி ரத்தம் எடுக்கும். கேக்க ஒன்னுமில்ல மாதிரி இருக்கும், நூறு புழுன்னா மாசம் 90 மில்லி, ஏற்கனவே ரத்தம் கொறைஞ்ச பொம்பளைக்கு அது தாங்குமா?

பண்டாரவளை தீபா: யூடியூப்ல புழு இருந்தா ஆஸ்துமா வராதுன்னு சொல்றாங்க. மகளுக்கு வீசிங். குளிசை குடுக்காம விட்டா நல்லதா அக்கா?

குடுங்கம்மா, தயவுசெஞ்சு குடுங்க. அந்த யூடியூப் காரர் பாதிக் கதைய சொல்லிருக்கார். 1989ல ஸ்ட்ராக்கன்னு லண்டன் ஆராய்ச்சியாளர் பெரிய குடும்பத்துப் புள்ளைங்களுக்கு ஹே ஃபீவர் கொறைவுன்னு எழுதினார், அதுலருந்து "அதிக சுத்தமா இருந்தா அலர்ஜி வரும்"ங்கிற பேச்சு. 2000ல காபோன் நாட்டுல, நத்தை வழி பரவுற நத்தைப்புழு இருந்த புள்ளைங்களுக்கு தூசிப்பூச்சி அலர்ஜி கொறைவா இருந்திச்சு, அதுவும் உண்மை. ஆனா 2006ல பல ஆய்வுகள சேத்துப் பாத்தாங்க, கொக்கிப்புழு இருந்தவங்களுக்கு ஆஸ்துமா கொறைவு, நாக்குப்பூச்சி இருந்தவங்களுக்கு ஆஸ்துமா கூடுதல். நம்ம மேட்டு நிலத்து குளிருக்கு தேறி வளர்றது நாக்குப்பூச்சி, அந்த குஞ்சு நுரையீரல் வழி போறப்ப வீசிங் மாதிரியே இருமலும் இழுப்பும் வரலாம். அப்ப யாருக்கு லாபம்?

புழுவையே மருந்தா குடுத்தும் பாத்தாங்க. நாட்டிங்ஹாம்ல டேவிட் பிரிச்சர்ட் 50 கொக்கிப்புழு குஞ்ச தன் கையிலயே ஒட்டி பாத்தார், வயித்துல பட்ட பாடு போதும் போதும்னு ஆயிருச்சு, பெறகு கொறைவான எண்ணிக்கைய தேர்ந்தாங்க. பன்னிக் குடல்ல வாழ்ற சாட்டைப்புழு முட்டைய குடல் நோய்க்கு குடுத்தாங்க, ஆரம்பத்துல நல்லா இருந்திச்சு, பெரிய ட்ரையல்ல மருந்தே இல்லாத போலி மருந்துக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியல. என் எண்ணம், முழுப் புழு தேவையில்ல, ஹெச்.பி.ஆரி, டி.ஜி.எம் மாதிரி ஒரு புரதம் போதும், அதத்தான் நாங்க பிரிச்சு பாத்துக்கிட்டு இருக்கோம்.

பதுளை சாந்தி: நாலு மாசம் கர்ப்பம். மிட்வைஃப் மிஸ் பூச்சி குளிசை குடுத்தாங்க, குடிக்கலாமா?

குடிக்கலாம் தங்கச்சி. மொத மூனு மாசம்தான் கூடாது, உங்களுக்கு அது தாண்டிருச்சு. இத சோதிச்சுப் பாத்ததே நம்ம நாட்டுலதான், நிலந்தி டி சில்வா குழு 1999ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல எழுதினாங்க, குடிச்ச தாய்மாரோட புள்ளைங்களுக்கு ஊனம் கூடல, செத்துப் பொறக்கிறது கொறைஞ்சிருந்திச்சு. இரும்புக் குளிசையயும் விட்றாதீங்க, டீ குடிச்ச கையோட போடாதீங்க.

ஹப்புத்தளை நித்தி, ஏ.எல் பயோ: புழுவ எப்படி வளக்கிறீங்க? அருவருப்பா இல்லையா? தடுப்பூசி வருமா?

எலிப் புழுக்கைய கரியோட பெசஞ்சு ஈர ஃபில்டர் பேப்பர்ல பரப்பி பெட்ரி டிஷ்ல ஒரு கிழமை விட்டா, குஞ்சு எல்லாம் ஊர்ந்து ஓரத்துக்கு வந்துரும், வெளிச்சத்துல புடிச்சு பாத்தா முடி அசையிற மாதிரி தெரியும். வளந்த புழு எலிக் குடல்ல செவப்பா, ஸ்பிரிங் மாதிரி குடல் சுவத்துல விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிற வில்லஸ சுத்திக்கிட்டு இருக்கும், ஃபோர்செப்ஸால எடுத்தா சுருள் விடாது. மொத நாள் அருவருப்பு, பெறகு சாப்பாட்டு நேரத்துலயும் அதத்தான் பேசுவோம்.

மனுசனுக்கு இன்னும் தடுப்பூசி இல்ல, கொக்கிப்புழுவுக்கு மனுசர்ல ஆரம்ப ட்ரையல் நடந்திருக்கு. ஆட்டுக்கு இருக்கு. பார்பர்வாக்ஸ்னு 2014ல ஆஸ்திரேலியாவுல வந்திச்சு, ஹிமோங்கஸ் புழுவோட குடல்ல இருக்கிற புரதத்த எடுத்து செஞ்சது, ஆட்டு ரத்தத்த குடிக்கிறப்ப அதுக்குள்ள இருக்கிற ஆன்டிபாடி புழுவோட குடல்லயே போய் ஒட்டிரும். என்ன, அத செய்ய உயிருள்ள புழுவே வேணும், செம்மறி ஆட்டுலருந்து பொறுக்கணும். இதுல ஆசை இருந்தா ஏ.எல் முடிச்சிட்டு எழுதுங்க, பயோவோட கெமிஸ்ட்ரிய விடாம படிங்க.