பாப் நார்மல், ஆனால் 16 பாசிட்டிவ்: அடுத்து என்ன?

கேள்வி: எனக்கு 38 வயது, இரண்டு பிள்ளைகள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. சமீபத்தில் செய்த பரிசோதனையில், கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் நார்மல். ஆனால் கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. வைரஸுக்கான சோதனையில் '16 பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோப்பி செய்யச் சொல்கிறார் டாக்டர். "பாப் நார்மல்தானே, விடு" என்கிறார் கணவர். "பிள்ளை பெற்றாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நிம்மதி" என்கிறார் அக்கா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: உங்கள் டாக்டர் சொல்வதை. இந்த மாதமே கால்போஸ்கோப்பிக்கு நாள் குறித்துவிடுங்கள். பயந்து அல்ல, அந்த '16' என்ற எண்ணுக்காக.

எச்.பி.வி. ஒரே வைரஸ் அல்ல, 200-க்கும் மேற்பட்ட வகைகள் கொண்ட பெரிய குடும்பம். கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எண் பெரிதானால் ஆபத்து அதிகம் என்று அர்த்தமில்லை. கை, கால் மருக்களுக்குச் சில வகைகள் காரணம். 6, 11 வகைகள் பிறப்புறுப்பில் மரு உண்டாக்கும். கருப்பை வாய்ப் புற்றுநோயோடு அவற்றுக்குச் சம்பந்தம் கிடையாது. புற்றுநோய் வரை இழுத்துச் செல்லக்கூடியவை ஒரு டஜன் வகைகள்தான். அவற்றிலும் 16, 18 இரண்டு மட்டுமே சுமார் 70 சதவீதப் புற்றுநோய்களுக்குக் காரணம். இரண்டில் மோசமானது 16.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் 20,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பத்து ஆண்டுகள் கவனித்தார்கள். முதலில் 16 இருந்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்கு, புற்றுநோய்க்கு முந்தைய தீவிர நிலையோ புற்றுநோயோ வந்தது. 18 இருந்தவர்களில் 14 சதவீதம். 16-ம் 18-ம் இல்லாத மற்ற அபாய வகைகள் என்றால் 3 சதவீதம். எதுவும் இல்லாதவர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அதனால்தான் 'மற்ற வகை பாசிட்டிவ், பாப் நார்மல்' என்று வந்தால் ஒரு வருடம் கழித்து வரச் சொல்கிறோம். 16 அல்லது 18 என்றால் பாப் நார்மலாக இருந்தாலும் உடனே பார்க்கிறோம். பாப் சோதனை ஒரு செல் மாதிரிதான், சில நேரம் கோளாறான இடத்தைத் தவறவிட்டுவிடும். 18-க்கு இன்னொரு குணம் உண்டு: அது கருப்பை வாய்க்கு உள்ளே, சுரப்பிச் செல்களில் பதுங்கும்; அங்கே ஸ்மியர் எடுக்கும் பிரஷ் எட்டுவதே சிரமம்.

ஆனால் கணக்கை மறுபக்கம் திருப்பிப் பாருங்கள். 16 இருந்தவர்களில்கூட 83 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்தில் அப்படி எதுவும் வரவில்லை. பெரும்பாலான தொற்றுகளை உடம்பே இரண்டு வருடத்துக்குள் துடைத்துவிடும். போகாமல் தங்கிவிட்டால்தான் வம்பு. வைரஸின் ஈ6, ஈ7 என்ற இரண்டு புரதங்கள், செல் கட்டுமீறிப் பெருகாமல் காவல் காக்கும் நம் புரதங்களை முடக்கிவிடுகின்றன. அப்போது உண்டாகும் மாற்றத்தைத்தான் ரிப்போர்ட்டில் சி.ஐ.என். 1, 2, 3 என்று எழுதுவார்கள். 1 பெரும்பாலும் தானே சரியாகிவிடும், காத்திருக்கலாம். 2-லும் பாதிக்குப் பாதி திரும்பிவிடுவதுண்டு. 3 அப்படியல்ல. நியூசிலாந்தின் ஆக்லாந்தில், 3 இருந்தும் சரியான சிகிச்சை தராமல் விடப்பட்ட பெண்களில் 30 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குப் புற்றுநோய் வந்தது. அந்த நாட்டையே உலுக்கிய விவகாரம் அது. சிகிச்சை சரியாகக் கிடைத்தவர்களில் அந்த அளவு ஒரு சதவீதத்துக்கும் கீழே.

ஆக, நாங்கள் சிகிச்சை தருவது வைரஸுக்கு அல்ல. அதைக் கொல்ல மருந்தும் இல்லை. மாறிய திசுவுக்குத்தான் சிகிச்சை. கால்போஸ்கோப்பியில் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, பெரிதாக்கிப் பார்ப்பார்கள். வெளுத்துத் தெரியும் இடத்தில் சிறு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம். மாதவிலக்கு நாட்களைத் தவிர்த்துத் தேதி வாங்குங்கள். ஒன்றும் இல்லை என்று வந்தால் ஒரு வருடத்தில் மறு சோதனை. தீவிர மாற்றம் என்றால் 'லீப்' என்ற முறையில், மின்கம்பி வளையத்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துவிடுவார்கள்.

அக்காவிடம் இதைச் சொல்லுங்கள்: 16 பாசிட்டிவ் என்பதற்காக மட்டும் கர்ப்பப்பையை எடுப்பது கொசுவுக்குப் பயந்து வீட்டை இடிப்பது மாதிரி. எடுத்தாலும் கொசு போகாது. வைரஸ் பிறப்புறுப்புப் பாதையில் தங்கலாம்.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. இந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு வீட்டில் யார்மேலும் சந்தேகப்பட வேண்டாம். இந்தத் தொற்று பல வருடம் சத்தமில்லாமல் கிடந்து பிறகு தென்படலாம். எப்போது, யாரிடமிருந்து வந்தது என்று எந்தச் சோதனையும் சொல்லாது. எச்.பி.வி. தடுப்பூசி போட்டாலும் இப்போது உள்ள தொற்று போகாது. பிள்ளைகளில் 9 முதல் 14 வயதுக்குள் மகள் இருந்தால், அவளுக்குப் போட இதுதான் சரியான வயது. இந்தியத் தயாரிப்பான செர்வாவாக்கில் 16, 18 இரண்டுக்கும் பாதுகாப்பு இருக்கிறது.