தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியவில்லை, படிவம் மூன்றில் மகனை அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நீங்கள் இருவரும் வேலைக்குப் போயும் கட்டணத்துக்கே சம்பளம் கரைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மாற்றலாம். ஆனால் முதலில் பாருங்கள், அந்தப் பள்ளி எந்தப் பாடத்திட்டம்?

தேசியப் பாடத்திட்டம் என்றால் கவலை குறைவு. கடைசியில், படிவம் ஐந்தில் எழுதப்போவது அதே எஸ்.பி.எம். அரசுத் தேர்வுதான்; படிவம் மூன்றில் எழுதிவந்த பிடி3 தேர்வும் 2022-லேயே ரத்து செய்யப்பட்டுவிட்டது. கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் என்றால்தான் சிக்கல். எஸ்.பி.எம். சான்றிதழுக்கு மலாயும் வரலாறும் கட்டாயம் தேற வேண்டும். வரலாற்றை மலாயில் எழுத வேண்டும். ஆங்கிலத்திலேயே படித்த பிள்ளைக்கு இரண்டே ஆண்டில் அது மலையேற்றம். மாற்றுவதாக இருந்தால் இப்போதே மாற்றுங்கள், படிவம் நான்கு வரை இழுக்காதீர்கள்.

இடம் கிடைக்க மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்க வேண்டும். பக்கத்துப் பள்ளியிலேயே இடம் இருக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

அப்புறம், ஒப்பந்தத் தாளின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெரும்பாலும் ஒரு தவணைக்கு முன்பே எழுத்தில் சொன்னால்தான் டெபாசிட் திரும்ப வரும். நாங்கள் மகளை மாற்றியபோது அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்தோம். இரண்டாயிரம் ரிங்கிட் போனது. அந்தச் சின்ன எழுத்தை என் கணவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்ணாடி போட்டு வாசித்தார்.

மிச்சமாகும் பணத்தில் மலாய்க்கு மட்டும் நல்ல டியூஷன் வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.