ஓநாயும் மாட்டுப் பட்டியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மாட்டுப் பண்ணையொன்றில் வேலை செய்யும் என் மருமகன், அங்கே அரசாங்கமே ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டிருப்பதாகச் சொல்கிறார். மாடு வளர்ப்பவர்கள் இருக்கும் இடத்தில் ஓநாயை விடுவது எந்த ஊர் நியாயம்? அவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள்?
– வாசகர், கொடிகாமம்

பதில்: உங்கள் மருமகன் சொல்வது உண்மைதான். ஆனால் அது அரசாங்கம் தானாக எடுத்த முடிவு அன்று. 2020 நவம்பரில் அந்த மாநில மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டு, மிகச் சிறிய வித்தியாசத்தில் ஓநாய்க்குச் சார்பாக முடிவு வந்தது. 2023 டிசெம்பரில் ஒரேகன் மாநிலத்திலிருந்து பிடித்துவரப்பட்ட 10 ஓநாய்கள் விடப்பட்டன. ஆதரித்தவர்களில் பெரும்பகுதியினர் நகரத்தார். ஓநாய்கள் விடப்பட்ட மலைப்பக்கத்து மாட்டுக்காரர்களோ பெரும்பாலும் எதிர்த்தவர்கள். வாக்குப் போட்டவர் ஒருவர், கன்றை இழப்பவர் இன்னொருவர் என்ற மனத்தாங்கல் அங்கே இன்னும் ஆறவில்லை. அதே வேளை, அந்த மலைகளில் ஓநாய் புதிதாக வந்த விருந்தாளியும் அன்று. கால்நடைகளைக் காப்பதற்காகவென்று நஞ்சு வைத்தும் பொறி வைத்தும் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் அதை அடியோடு அழித்தவர்கள் மனிதர்களே.

இழப்புக்கு நட்டஈடு உண்டு. கொலராடோவில் ஒரு விலங்குக்கு 15,000 டொலர் வரை கொடுக்கிறார்கள். தொகையைக் கேட்டால் தாராளமாகத் தெரியும். சிக்கல் முழுவதும் நிரூபிப்பதில் இருக்கிறது. செத்த கன்றைப் பார்க்க வரும் அதிகாரி வெளிக்காயத்தை மட்டும் நம்புவதில்லை. தோலை உரித்து, பற்பட்ட இடத்தின் அடியில் இரத்தம் கட்டியிருக்கிறதா என்று தேடுகிறார். உயிரோடு இருக்கும்போது கடிபட்டிருந்தால் தோலுக்கடியிலும் தசையிலும் இரத்தம் உறைந்து கருமை பாய்ந்திருக்கும். நோயால் செத்த உடலைப் பிற்பாடு ஓநாய் தின்றிருந்தால் அது காணப்படாது. கோடையில் மாடுகள் ஆயிரக்கணக்கான ஏக்கர் மலைமேய்ச்சலில் சிதறி நிற்கும். செத்த கன்று கண்ணில் படுவதற்குள் கழுகும் காகமும் கரடியும் தின்று முடித்து, எலும்பே மிஞ்சியிருக்கும். அப்போது எதைக் காட்டி நட்டஈடு கேட்பது? இதை உணர்ந்துதான் பக்கத்து மாநிலமான வயோமிங்கில், உறுதிப்படுத்தப்பட்ட ஒரு கன்றுக்கு ஏழு கன்றுகளின் பெறுமதி வரை கொடுக்க விதி வைத்திருக்கிறார்கள். பயந்துபோன பசுக்கள் நிம்மதியாக மேயாமல் எடை குறைவதும், சினைப்பிடிப்பு தவறுவதும் இவற்றுக்குப் புறம்பான நட்டம்.

ஆகவே, கடிபடுவதற்கு முன் என்ன செய்யலாம் என்பதிலேயே அனுபவசாலிகள் கவனம் வைக்கிறார்கள். குதிரையேறி மந்தையோடு திரியும் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார்கள். சிதறிய மாடுகளைக் கூட்டமாகச் சேர்ப்பது, நொண்டும் மாட்டையும் நோயுற்ற மாட்டையும் அன்றைக்கே கண்டுபிடிப்பது, செத்த உடலைத் தாமதியாமல் அப்புறப்படுத்துவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. பிண வாடை ஓநாயை மந்தையருகே இழுத்து, மறுபடியும் மறுபடியும் வரப் பழக்கிவிடும். பசுக்கள் கன்று ஈனும் காலத்தில் அவற்றை வீட்டுக்கு அருகே வைத்திருக்கிறார்கள். திருவிழாத் தோரணம்போல் கயிற்றில் சிவப்புத் துணிகளைத் தொங்கவிட்டு அடைப்பைச் சுற்றிக் கட்டுகிறார்கள்; காற்றில் அசையும் அந்தத் துணியைத் தாண்ட ஓநாய் தயங்கும். ஆனால் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் அதற்கு அச்சம் தெளிந்துவிடும் என்பதால், ஆபத்தான பருவத்துக்கு மட்டுமே அது உதவும். குட்டியிலிருந்தே ஆடுகளோடு வளர்க்கப்படும் கிரேட் பிரனீஸ், துருக்கியின் கங்கல் போன்ற காவல் நாய்களும் பயன்படுகின்றன. தனியாக நிற்கும் நாயை ஓநாய்க் கூட்டம் கொன்றுவிடும் என்பதால் ஒன்றுக்கு மேற்பட்டவை வேண்டும். தொடர்ந்து மாடு கொல்லும் ஓநாயைச் சுடுவதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.

என்னைக் கேட்டால், செத்த கன்றுக்குக் கொடுக்கும் பணத்தைவிட, மந்தையோடு நிற்கும் ஆளுக்குக் கொடுக்கும் சம்பளமே பயனுள்ள செலவு. அந்தச் செலவை மாட்டுக்காரர் தலையில் மட்டும் கட்டிவிடாமல், ஓநாய் வேண்டுமென்று வாக்களித்தவர்களும் வரிப்பணத்தால் பங்கேற்பதுதான் நீங்கள் கேட்ட நியாயத்துக்குக் கிட்டிய வழி.

கேள்வி: இலங்கைக் காடுகளில் ஓநாய் உண்டா?
– மாணவி, சுன்னாகம்

பதில்: இல்லை. நாய்க் குடும்பத்தில் இங்கே காட்டில் வாழ்வது நரி மாத்திரமே. மகாராட்டிரம், கர்நாடகம் போன்ற இந்திய மாநிலங்களின் வறண்ட வெளிகளில் ஓநாய்கள் உண்டு. அங்குள்ள செம்மறி இடையர்கள் இரவில் மந்தையை வலையால் அடைத்து, நாய்களோடு பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள்.

கேள்வி: தரவையில் மேயவிட்ட என் ஆடுகளில் இரண்டை ஏதோ கடித்துக் கொன்றுவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணர் நரி என்கிறார். நான் நாய் என்கிறேன். எப்படி அறிவது?
– வாசகர், வடமராட்சி

பதில்: மேலே சொன்ன முறைதான். தோலுக்கடியில் இரத்தம் கட்டியிருந்தால், கடித்த பிறகே ஆடு செத்தது என்று கொள்ளலாம். பின்னர் காயம் இருக்கும் இடங்களைப் பாருங்கள். தொடை, விலா, காது, வால் என்று கண்டபாட்டுக்குக் குதறியிருந்து, இறைச்சி அதிகம் தின்னப்படாமல், ஒரே நேரத்தில் பல ஆடுகள் விழுந்திருந்தால் அது பெரும்பாலும் கட்டாக்காலி நாய்களின் வேலை. நரி பசிக்காக வருவது. வளர்ந்த மறியைவிடச் சிறு குட்டியே அதற்குத் தோது. உங்கள் ஆடுகள் இரண்டும் வளர்ந்தவை என்றால், நான் உங்கள் பக்கம்.

இருட்டுமுன் ஆடுகளைக் கொட்டிலில் அடையுங்கள். நாய் தோண்டி நுழையாதபடி கம்பிவலையின் அடிப்பகுதியை ஓரடி ஆழம் புதையுங்கள். செத்த ஆட்டைக் கையுறையில்லாமல் தொட வேண்டாம். கடித்த நாய் விசர்நாயாகவும் இருக்கலாம் என்பதால், கடிபட்டுத் தப்பிய ஆடு இருந்தால் அதன் காயத்தைக் கையுறை அணிந்து, சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும்வரை அதன் பாலைக் கறந்து குடிக்க வேண்டாம்.