களம் இருக்கும் ஊரிலேயே படிப்பைத் தொடங்குங்கள், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் ஆறு ஆண்டுகளாக மகளிர் குழுக்களோடு வேலை செய்வதாக எழுதியிருந்தீர்கள். சமூக மேம்பாட்டில், வேலையை விடாமல் படிக்கக்கூடிய முதுநிலைப் படிப்பு ஸ்காட்லாந்தில் இருக்கிறதாமே, அங்கே வந்து வேலை பார்த்துக்கொண்டே படித்து அப்படியே தங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் கே.வி.குப்பத்துக்காரிதான். கிளாஸ்கோவுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் படிப்பை மூன்று ஆண்டுகள் படித்தவள் என்பதால் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

வேலையோடு படிக்கும் படிப்பு என்பது இங்கே ஏற்கெனவே குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. மாணவர் விசாவில் பகுதிநேரமாகப் படிக்க வருபவருக்கு வேலை செய்யவே அனுமதி கிடையாது. முழுநேரமாகச் சேர்ந்தால் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம். ஆனால் கையில் கிடைப்பது பெரும்பாலும் கடை வேலையும் கிடங்கு வேலையும்தான். நீங்கள் நினைக்கிற களப்பணி இல்லை. 2024 ஜனவரியிலிருந்து, ஆராய்ச்சிப் படிப்புக்கோ அரசு உதவித்தொகையிலோ வருபவர்களைத் தவிர, முதுநிலை மாணவர்கள் மனைவி மக்களை அழைத்துவரவும் முடியாது.

நான் வந்த வழி வேறு. என் கணவர் செவிலியர். அவருடைய விசாவில் வந்ததால் நான் வேலை செய்யத் தடை இருக்கவில்லை. ஒரு வீட்டுவசதிச் சங்கத்தில் வேலை கிடைத்தது. சில ஆண்டுகள் கழித்துப் படிப்புக் கட்டணத்தில் பாதியை அவர்களே ஏற்றார்கள். என்னைப் பார்த்து நீங்கள் கணக்குப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

தங்குவதைப் பற்றி ஒரு வரி போதும். 2025 ஜூலையிலிருந்து வேலை விசாவுக்குப் பொதுவாகக் காட்ட வேண்டிய குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்டு. படித்து முடித்துப் புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சலுகை உண்டென்றாலும் அதுவும் 33,400. எங்கள் துறையில் தொடக்க நிலைக் களப்பணியாளருக்கு இந்தச் சம்பளம் கிடைப்பது அரிது.

இனிப் படிப்புக்கு வருகிறேன். 60 கிரெடிட் முடித்தால் சான்றிதழ், 120 முடித்தால் டிப்ளமோ, 180 முடித்தால் முதுநிலைப் பட்டம். ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணி நேர உழைப்பு என்று கணக்கு. இடையில் நின்றாலும் முடித்த வரைக்கும் ஒரு தகுதி கையில் இருக்கும்; கைக்குழந்தையோடு படித்த எனக்கு அது பெரிய தைரியமாக இருந்தது.

முதல் கட்டுரையில் எனக்கு மதிப்பெண் மிகக் குறைவு. எங்கள் சங்கத்தின் குடியிருப்போர் கூட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன்: எத்தனை பேர் வந்தார்கள், என்ன முடிவானது என்று. ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: ஏன்? அன்றிரவு அந்தக் கூட்டத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். நீண்ட மேசையைச் சுற்றி எல்லாரும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் முடிந்து சமையலறையில் தேநீர்க் கோப்பைகளைக் கழுவும்போதுதான், துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், குழந்தை படுக்கும் அறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை ஏறியிருப்பதைச் சொன்னார். அந்தப் பேச்சை நான் எழுதவே இல்லை.

நம் ஊரில் இது எனக்குத் தெரிந்த விஷயம்தானே! பீடி சுற்றும் பெண்களைக் கூட்டத்துக்கு வா என்றால் வர மாட்டார்கள். திண்ணைக்கு நாம் போக வேண்டும். மடியில் முறம், கை இலையைச் சுருட்டி நூல் கட்டிக்கொண்டே இருக்கும், வாய் பேசும். முகம் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பதால் கடன் தொல்லையும் வீட்டுக்காரரின் குடியும் அங்கே வெளியே வரும். கை வேலையாக இருக்கும்போது வாய் திறக்கிறது என்று நான் அறிந்திருந்தேன். ஏன் என்று கேட்டுக்கொண்டதில்லை. அடுத்த கட்டுரையில் திண்ணையையும் சமையலறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன். அங்கிருந்துதான் எனக்குப் படிப்பு பிடிபட்டது.

மக்கள் பங்கேற்பு எவ்வளவு உண்மையானது என்று பார்க்க, ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் 1969இல் வரைந்த எட்டுப் படி ஏணி ஒன்றைப் பாடத்தில் வைத்திருந்தார்கள். மக்களை வெறுமனே உட்காரவைத்துத் தலையாட்ட வைப்பது கீழ்ப்படி. அதிகாரமே மக்கள் கையில் இருப்பது மேல்படி. நம் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. உங்கள் ஊரில் அது எந்தப் படியில் நிற்கிறது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். கையெழுத்து வாங்கும் பதிவேட்டை முதலில் நீட்டுகிறார்களா, வரவு செலவை முதலில் வாசிக்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பாடமும் உங்கள் களத்தைத்தான் கேட்கும். களத்தை விட்டுவிட்டு இங்கே கிடங்கில் பெட்டி அடுக்கினால் எதை வைத்து எழுதுவீர்கள்? அதனால் என் யோசனை இது: வேலையில் இருந்தபடியே இக்னோவில் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூர வழியில் ஊரக வளர்ச்சி எம்.ஏ. தொடங்குங்கள். கூடவே பிரிட்டன் அரசு தரும் செவனிங் உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். அது கேட்பது 2,800 மணி நேர வேலை அனுபவம். உங்களிடம் அதைவிடப் பல மடங்கு இருக்கிறது. கிடைத்தால் ஓராண்டு முழுநேரப் படிப்பை இங்கே முடித்துவிட்டு, இரண்டு ஆண்டுகளாவது நாட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அந்த நிபந்தனையைத் தடையாக நினைக்காதீர்கள். கற்றுக்கொண்டதைத் திரும்பப் போய்ச் செய்துபார்க்க உங்களுக்கு ஊர் இருக்கிறது. எனக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனதில் இன்றும் வருத்தம் உண்டு.

அடுத்த குழுக் கூட்டம் முடிந்ததும், தீர்மான நோட்டில் ஏறாமல் போன பேச்சை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதி எனக்கு அனுப்புங்கள். பெயர்களை மாற்றிவிடுங்கள். விண்ணப்பக் கட்டுரையை அதிலிருந்து சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்,
அக்கா