வேண்டாம் என்று சொன்னது யார்?

கேள்வி: எனக்கு வயது 47. கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குச் சுமாரான சம்பளம். பிள்ளைகள் இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். 73 வயதான அம்மா எங்களோடு இருக்கிறார். என் தங்கைக்கும் அவள் கணவருக்கும் எங்களைவிடப் பெரிய வருமானம் ஒன்றும் இல்லை. ஒரே மகன், விடுதியில் தங்கிப் படிக்கிறான். வருடத்துக்கு நாலு தடவை எங்கேயாவது கிளம்பிவிடுகிறார்கள். ஒரு தடவை கடல், ஒரு தடவை மலை, போன மாதம் பனி. எப்படித்தான் கட்டுப்படியாகிறது? என் டைரியின் கடைசிப் பக்கங்களில் அவள் போன இடம், நாள், தோராயமான செலவு எல்லாவற்றையும் மூன்று வருடத்துக்கு எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அவர்கள் சம்பளத்துக்குள் அடங்கவே இல்லை. கடன் வாங்கிப் போகிறார்களோ? நாங்கள் எங்குமே போனதில்லை. அம்மாவை விட்டுவிட்டு எப்படிப் போவது? ஒரு தடவை தங்கை, 'அம்மாவை நான் கூட்டிப் போகிறேன்' என்றாள். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு எங்கே போவது, நான்தான் வேண்டாம் என்றேன். அம்மாவோ அவள் அனுப்பும் படங்களைப் போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார். 'பனியைத் தொட்டால் சுடுமாமே, நிஜமா?' என்று என்னிடமே கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்தப் பொறாமையிலிருந்து வெளியே வர வழி சொல்லுங்கள்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதத்துக்கு இரண்டாவது வந்துவிடும். ஒருவருக்குப் பக்கத்து வீட்டுக்காரர், இன்னொருவருக்கு அலுவலகத் தோழி, மற்றொருவருக்கு நாத்தனார். ஆள்தான் மாறுகிறார், வயிற்றெரிச்சல் ஒன்றுதான். பொறாமை எல்லோருக்கும் வரும், நீங்கள் கெட்டவர் இல்லை என்று நான் ஆரம்பிப்பேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். உங்கள் கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வரிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட கணக்கு.

உங்கள் டைரிக் கணக்கு தப்பு. கூட்டலில் தப்பு இருக்காது, அது உங்கள் தொழில். நீங்கள் எடுத்துக்கொண்ட விலைதான் தப்பு. அந்த ஊர்களுக்கு டிக்கெட் விலையும் அறை வாடகையும் எந்த மாதத்துக்குப் பார்த்தீர்கள்? உங்கள் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் மாதத்துக்குத்தான் பார்த்திருப்பீர்கள். பந்தயம் கட்டத் தயார். உலகத்தில் உள்ள அப்பா அம்மாக்கள் எல்லோரும் மொத்தமாகக் கிளம்பும் நாட்கள் அவை. விலை உச்சிக்குப் போவதும் அப்போதுதான். உங்கள் தங்கை மகன் விடுதியில் இருக்கிறான். பள்ளி நாள்காட்டி அவளைக் கட்டிப்போடவில்லை. கூட்டம் வடிந்த மாதத்தில், வாரத்தின் நடுவில், மூன்று நாள் லீவு போட்டுக் கிளம்பிவிடலாம்.

ஒரே விமானத்தில் அடுத்தடுத்த இருக்கையில் இருக்கும் இரண்டு பேர் ஒரே கட்டணம் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். ஒரே வகுப்பு இருக்கைகளையே பல விலைத் தட்டுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். மலிவான தட்டு தீர்ந்ததும் அடுத்தது திறக்கும். 1980-களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் கணினியை வைத்துத் தீட்டிக் கூர்மையாக்கிய வித்தை இது. பிறகு ஹோட்டல்காரர்களும் பிடித்துக்கொண்டார்கள். அதனால் அடிக்கடி பயணம் போகிறவர்கள் ஊரை முடிவுசெய்துவிட்டு விலை தேடுவதில்லை. எந்தத் தேதியில் எந்த ஊர் மலிவு என்று பார்த்துவிட்டு அந்த ஊருக்குப் போகிறார்கள். ராத்திரி வண்டியில் தூங்கிக்கொண்டே போனால் ஒரு நாள் அறை வாடகை மிச்சம். சமைத்துக்கொள்ள அடுப்பு உள்ள இடமாகப் பிடித்தால் சாப்பாட்டுச் செலவு பாதி.

கையில் காசு குறைவாக உள்ளவர்கள் ஊர் சுற்றுவது நேற்று முளைத்த விஷயமும் இல்லை. 1909-இல் ஜெர்மனியில் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற பள்ளி ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போன இடத்தில் இடிமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் பள்ளிகளைத் தங்குமிடம் ஆக்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. இன்று உலகம் முழுக்க இருக்கும் இளைஞர் விடுதிகளுக்கு வேர் அதுதான். 1953-இல் ஐரோப்பிய ஆசிரியர்கள் சிலர், நீ என் வீட்டில் தங்கு, நான் உன் வீட்டில் தங்குகிறேன் என்று விடுமுறைக்கு வீட்டை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கினார்கள். இரண்டு இடத்திலும் வாத்தியார்களே இருக்கிறார்கள் பாருங்கள். சம்பளம் குறைவு, விடுமுறை நிறைய. மூளை வேலை செய்யாமல் என்ன செய்யும்!

அப்புறம் உங்கள் டைரியில் ஒரு பக்கம் விட்டுப்போயிருக்கிறது. தங்கை வீட்டில் என்னென்ன இல்லை என்று எழுதினீர்களா? வண்டி என்ன, சோபாவுக்கு எத்தனை வயது, போனை எப்போது மாற்றினார்கள்? போன இடத்துக்குத்தான் படம் எடுப்பார்கள், வாங்காமல் விட்ட பொருளை யாரும் படம் எடுப்பதில்லை.

கடன் வாங்குகிறார்களோ என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியில் கவலையைவிட ஆசை அதிகம் தெரிகிறது. கடனில் போகிறவர்களும் உண்டுதான். மாதம் 3 சதவீத வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். கட்டாமல் விட்டால், வட்டிக்கு வட்டி ஏறி 100 என்பது 12 மாதத்தில் 142-ஐத் தாண்டிவிடும். நானே ஒரு தடவை கடன் அட்டையைத் தேய்த்து ஊர் சுற்றியிருக்கிறேன். எடுத்த படங்கள் எல்லாம் தொலைந்துபோயின. தவணை மட்டும் தொலைய மாட்டேன் என்றது. ஆனால் மூன்று வருடமாக, வருடத்துக்கு நாலு தடவை, கடனிலேயே ஒருவர் போய்க்கொண்டிருந்தால் இதற்குள் குடும்பம் ஆட்டம் கண்டிருக்கும், உங்கள் காதுக்கும் வந்திருக்கும். அப்படி எதுவும் வரவில்லை. ஆகவே அவர்கள் கணக்கோடுதான் போகிறார்கள். கணக்கு வேலை செய்கிற உங்களுக்கு இது பிடிபடாமல் இருக்காது. பிடிபட்டால் டைரியை மூட வேண்டியிருக்கும்.

சரி, அந்த வரிக்கு வருவோம். 'நான்தான் வேண்டாம் என்றேன்.'

போகிற போக்கில் எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. உங்கள் தங்கை, அம்மாவைத் தான் கூட்டிப் போவதாக வந்து நின்றாள். அம்மாவைப் பார்த்துக்கொள்வதால்தான் எங்கும் போக முடியவில்லை என்று புலம்புகிற நீங்கள், அந்தப் பொறுப்பைக் கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ள ஒருத்தி கை நீட்டியபோது கொடுக்கவில்லை. சரி, முழங்கால் வலி. வலி யாருடையது? அம்மாவுடையது. போகலாமா என்ற கேள்வி யாருக்கு? அம்மாவுக்கு. பதில் சொன்னது நீங்கள்! அந்தப் பேச்சு நடந்தபோது அம்மா எங்கே இருந்தார்? பக்கத்து அறையிலா? கேட்டுக்கொண்டிருந்தாரா? கடிதத்தில் அது இல்லை. 'அம்மாவும் வேண்டாம் என்றார்' என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் நான் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

இப்போது அந்த விரலைப் பாருங்கள். 73 வயதுப் பெண்மணி ஒரு படத்தை இரண்டு விரலால் விரித்து, அதற்குள் இன்னும் கொஞ்சம் விரித்து, பனியைப் பார்க்கிறார். தொட்டால் சுடுமா என்று கேட்கிறார். சின்ன மகளை மெச்சிக்கொள்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், அதனால் பற்றிக்கொண்டு வந்தது. மெச்சிக்கொள்கிறவர் மகளின் முகத்தைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பார். பனியைப் பெரிதாக்கிப் பார்ப்பவருக்குப் பனிதான் வேண்டும். உங்கள் வீட்டில் பயணம் போக ஆசைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்கு முன்னால் அம்மா. அதை உங்களிடம் நேராகக் கேட்க முடியாமல், பனி சுடுமா என்று சுற்றி வளைத்துக் கேட்கிறார். என்ன பதில் சொன்னீர்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை.

ஏன் வேண்டாம் என்றீர்கள் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அம்மா ஒரு வாரம் தங்கையோடு சௌக்கியமாகப் போய் வந்துவிட்டால், அதன்பின் நீங்கள் எங்கும் போகாததற்குக் காரணம் சொல்ல ஆள் இல்லை. அம்மாவைத் தாங்குகிற பெரிய மகள், ஊர் சுற்றுகிற சின்ன மகள் என்று உறவில் எல்லோரும் சொல்கிற கதையும் கலைந்துவிடும். அந்தப் பட்டத்துக்காக அம்மாவின் முழங்காலை நீங்கள் பூட்டாக்கிக்கொண்டீர்கள். பெற்றவளைப் பார்ப்பது கடமை, அதில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை. ஆனால் கடமையைப் பங்கு கேட்டு வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்ப மூத்தவளுக்கு உரிமை கிடையாது. அம்மா ஒருத்திக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல. தாங்குகிற பெருமை முழுவதும் எனக்கு, தாங்குகிற கஷ்டத்துக்குப் பழி மட்டும் அவளுக்கு என்றால் எப்படி?

தங்கையிடமும் குறை உண்டு. ஒரு தடவை கேட்டு, இல்லை என்றதும் விட்டுவிட்டாள். சண்டை போட்டிருக்க வேண்டும். அவள் எனக்கு எழுதினால் அவளையும் திட்டுவேன். எழுதியது நீங்கள்.

1954-இல் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு விஷயத்தை விளக்கினார். மனிதன் தன்னை அளக்க எங்கோ இருக்கிற பெரும்பணக்காரனைத் தேடுவதில்லை, தன்னைப் போலவே இருப்பவனைத்தான் அளவுகோலாக எடுக்கிறான் என்பது அவர் கருத்து. உங்களுக்குத் தங்கையைவிடத் தோதான அளவுகோல் எங்கே கிடைக்கும்? ஒரே வீட்டில் வளர்ந்து, ஏறக்குறைய அதே சம்பளம் வாங்குகிறவள். அதனால் பொறாமை போக நான் மந்திரம் எதுவும் தரப்போவதில்லை. அது இருக்கட்டும். செய்ய வேண்டிய காரியம் வேறு இருக்கிறது.

முழங்காலை முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். எவ்வளவு நடக்கலாம், எதில் ஏறக் கூடாது, குளிர் ஒத்துக்கொள்ளுமா என்று அம்மாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டே கேளுங்கள். பதிலையும் அவரே கேட்கட்டும். பனி வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால் கடல் இருக்கிறது. கடலைப் பார்க்க மலை ஏற வேண்டியதில்லை. விமானம் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் வாசலிலிருந்து இருக்கைவரை சக்கர நாற்காலியில் கொண்டுபோய் விடுகின்றன, பொதுவாகத் தனிக் கட்டணமும் கிடையாது. ஆனால் கடைசி நிமிடத்தில் போய்க் கேட்காமல், குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

பிறகு தங்கைக்குப் போன் செய்யுங்கள். பனியைப் பற்றியோ படத்தைப் பற்றியோ பேச வேண்டாம். 'அன்றைக்கு வேண்டாம் என்றது அம்மா இல்லை, நான்' என்று சொல்லுங்கள். அது தொண்டையில் சிக்கும். சிக்கினாலும் சொல்லுங்கள். அம்மாவின் செலவில் பாதி உங்களுடையது, அவள் முழுவதும் போடுகிறேன் என்றாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இத்தனை வருடம் அவள் செலவை எழுதிய அதே டைரியில், இந்த மாதத்திலிருந்து எவ்வளவு எடுத்து வைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அம்மா அவளோடு இருக்கும் நாட்களில் நீங்களும் கணவரும் பிள்ளைகளும் ஒரு இரண்டு நாள் எங்கேயாவது போங்கள். பக்கத்தில் இருந்தால் போதும். போகாமல் வீட்டில் உட்கார்ந்து அலமாரி துடைத்துக்கொண்டிருந்தால் எனக்கு மறுபடி எழுதாதீர்கள்.

தேதி குறித்தவுடனே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் சொல்லி ஆச்சரியப்படுத்தும் யோசனை வேண்டாம். 2010-இல் வெளியான ஓர் ஆய்வில் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் கேட்டுப் பார்த்தார்கள். பயணத்துக்குக் காத்திருந்தவர்கள், வீட்டில் இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியோடு இருந்தது கிளம்புவதற்கு முன்னால்தான். திரும்பி வந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. உங்கள் தங்கையும் போன மாதப் பனியிலிருந்து திரும்பி வந்து இந்நேரம் உங்களைப் போலத்தான் துணி மடித்துக்கொண்டிருப்பாள். அம்மாவுக்கு நாலு மாதம் காத்திருக்கும் சந்தோஷத்தையாவது கொடுங்கள்.

இன்று ராத்திரி அவர் போனை எடுக்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். எந்தப் படத்தில் விரல் நிற்கிறது என்று பார்த்து, அது எந்த இடம் என்று தங்கையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பனி நிஜமாகவே சுடுமா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டேன். அம்மா போய்விட்டு வந்து சொல்லட்டும்.