கேள்வி–பதில்: கொடுங்கோலாட்சி வீழ்ந்த மறுநாள்

சதாம் உசேனின் ஆட்சியை ஈராக் மக்களில் பெரும்பாலோர் வெறுத்தார்கள். அந்த ஆட்சி வீழ்ந்த பிறகு அமைதி வருவதற்குப் பதிலாக ரத்தக்களரி மூண்டது ஏன்?
— மன்னார்குடி வாசகர்

அந்நியப் படையெடுப்பு, ஷியா–சுன்னி பூசல், அண்டை நாடுகளின் தலையீடு என்று காரணங்கள் பல உண்டு. எனினும், எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய தவறு எது என்று கேட்டால், ஒரே வாரத்தில் பிறப்பிக்கப்பட்ட இரண்டு உத்தரவுகளையே சொல்வேன். 2003 ஏப்ரல் 9 அன்று பாக்தாத் வீழ்ந்தது. மே மாதம் அமெரிக்க நிர்வாகியாக வந்து இறங்கிய பால் பிரெமர், 16ஆம் தேதி வெளியிட்ட முதல் உத்தரவில், சதாமின் ஆளுங்கட்சியான பாத் கட்சியின் மேல் நான்கு படிநிலைகளில் இருந்த அனைவரையும் அரசுப் பணியிலிருந்து நீக்கினார். 23ஆம் தேதி வெளியான இரண்டாம் உத்தரவு ராணுவத்தையே கலைத்தது.

பாத் கட்சியில் சேர்ந்தவர்கள் எல்லோரும் கொள்கைப் பிடிப்பால் சேர்ந்தவர்கள் அல்லர். பள்ளி ஆசிரியருக்குத் தலைமையாசிரியர் பதவி வேண்டுமென்றாலும், மருத்துவருக்கும் பொறியாளருக்கும் துறையில் மேலே போக வேண்டுமென்றாலும், கட்சி உறுப்பினர் அட்டை தேவைப்பட்டது. சித்திரவதை செய்த அதிகாரியும் பதவி உயர்வுக்காகக் கையெழுத்திட்ட ஆசிரியரும் ஒரே உத்தரவில் அகப்பட்டார்கள். அவரவர் என்ன செய்தார் என்று பார்க்காமல், எந்தப் படியில் இருந்தார் என்று மட்டுமே பார்த்ததன் விளைவு இது.

ராணுவத்தின் கதை இன்னும் மோசம். ஆயுதம் பிடிக்கப் பழகிய லட்சக்கணக்கான ஆண்கள், பெரும்பாலும் குடும்பஸ்தர்கள், சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் ஜூன் மாதம் பாக்தாத் தெருவில் சம்பளம் கேட்டுப் போராடியபோது அமெரிக்கப் படையினர் சுட்டதில் இருவர் இறந்தார்கள். அதற்குச் சில நாட்கள் கழித்தே மாதப்படி தரப்படும் என்ற அறிவிப்பு வந்தது. அதற்குள் நாடெங்கும் ஆயுதக் கிடங்குகள் காவலின்றிச் சூறையாடப்பட்டிருந்தன. பிற்காலத்தில் ஐ.எஸ். இயக்கத்தின் படைத்தலைமையில் சதாமின் பழைய ராணுவ அதிகாரிகள் சிலர் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் கருத்தில், ஒரு சர்வாதிகாரியை என்ன செய்வது என்பது அமைதிக்கான கேள்விகளில் சுலபமானது. அவரிடம் சம்பளம் வாங்கிய லட்சக்கணக்கானோரை என்ன செய்வது என்பதே கடினமான கேள்வி.

தென்னாப்பிரிக்காவில் கொலைகாரர்களையெல்லாம் மன்னித்துவிட்டார்கள் என்கிறார்களே, அது நியாயமா?
— பாளையங்கோட்டை வாசகி

எல்லோரையும் மன்னித்துவிட்டார்கள் என்பது சரியல்ல. நிறவெறி ஆட்சிக்காலக் குற்றங்களை ஆராய, பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996இல் விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்திடம், செய்த குற்றத்தை முழுமையாக வெளிப்படுத்தி, அது அரசியல் நோக்கத்தோடு செய்யப்பட்டதே என்று நிறுவியவர்களுக்கு மட்டுமே பொதுமன்னிப்பு கிடைத்தது. விண்ணப்பித்தவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல். மன்னிப்புப் பெற்றவர்கள் 849 பேர்.

அந்த விசாரணை எப்படி இருந்தது என்பதற்கு 1997இல் கேப் டவுனில் நடந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஜெஃப்ரி பென்சியன் என்ற போலீஸ் அதிகாரி, ஈரத் துணிப்பையைக் கைதியின் தலையில் மாட்டி மூச்சுத் திணறச் செய்வதில் பேர்போனவர். நிறவெறி ஆட்சி முடிந்த பிறகும் போலீஸ் பணியிலேயே இருந்தவர். அவரிடம் வதைபட்ட டோனி யெங்கேனி அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். 'அதைச் செய்து காட்டுங்கள்' என்று யெங்கேனி கேட்க, தரையில் குப்புறப் படுத்த ஒருவரின் முதுகில் ஏறி உட்கார்ந்து, பையை மாட்டிக் காட்டினார் பென்சியன். இதோடு முடிந்திருந்தால் நாம் விரும்பும்படியான கதையாக இருந்திருக்கும். ஆனால் பென்சியன் தம்முடைய முறை வந்தபோது, அரை மணி நேரத்துக்குள் நீங்கள் உங்கள் தோழரைக் காட்டிக்கொடுத்தது நினைவிருக்கிறதா என்று யெங்கேனியிடமே திருப்பிக் கேட்டார். வதைத்தவர், வதைபட்டவரை அந்தச் சபையில் மீண்டும் ஒருமுறை காயப்படுத்தினார். அவருக்கு மன்னிப்பும் கிடைத்தது.

நியாயமா என்று நீங்கள் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். எனினும், இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஆட்சி மாற்றமே நடந்திருக்குமா என்பது சந்தேகம். 1992இலேயே, அதுவும் கம்யூனிஸ்ட் தலைவரான ஜோ ஸ்லோவோ, பழைய அரசு ஊழியர்களின் வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உத்தரவாதம் தரலாம் என்று முன்மொழிந்தார். பழைய ராணுவமும் விடுதலைப் போராளிகளும் 1994இல் ஒரே படையாக இணைக்கப்பட்டார்கள். ஈராக்கில் செய்யத் தவறியது இதைத்தான். ஆணையத்தின் உண்மையான தோல்வி வேறிடத்தில் இருக்கிறது. மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள் மீதும், மன்னிப்பே கேட்காதவர்கள் மீதும் வழக்குத் தொடர அரசு முனைப்புக் காட்டவில்லை. பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆறு ஆண்டுகள் உதவித்தொகை தர ஆணையம் பரிந்துரைத்திருக்க, 2003இல் ஒரே தவணையாக 30,000 ராண்ட் கொடுத்து அரசு கணக்கை முடித்துக்கொண்டது.

சிரியாவில் அசாத் தப்பியோடியபோது மக்கள் சிறைக்குள் நுழைந்து காகிதங்களைப் புரட்டித் தேடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். இத்தகைய பழைய கோப்புகளை எரித்துவிட்டால் பகை அடங்கிவிடாதா?
— காரைக்கால் வாசகர்

2024 டிசம்பரில் சைத்னாயா சிறையில் நீங்கள் பார்த்தவர்கள் பழிவாங்கப் பெயர் தேடியவர்கள் அல்லர். காணாமல்போன மகனின், கணவனின் பெயர் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருக்குமா என்று தேடியவர்கள். அவர்கள் காலடியிலேயே மிதிபட்ட அந்தத் தாள்கள் போய்விட்டால், ஒருவர் எப்போது, எங்கே இறந்தார் என்பதற்கு அந்தக் குடும்பத்துக்கு வேறு சாட்சி கிடைப்பது அரிது.

கிழக்கு ஜெர்மனியில் ரகசியப் போலீசான ஸ்டாசியின் அதிகாரிகளே கோப்புகளை அழிக்கத் தொடங்கினார்கள். அரைக்கும் இயந்திரங்கள் போதாமல் கையாலும் கிழித்து மூட்டை கட்டினார்கள். 1990 ஜனவரி 15 அன்று மக்கள் பெர்லின் தலைமையகத்துக்குள் புகுந்தபின் எஞ்சிய கோப்புகள் காப்பாற்றப்பட்டன. கிழித்த தாள்கள் மட்டும் சுமார் 16,000 மூட்டைகள். நியூரம்பெர்க் அருகே ஸிர்ண்டோர்ஃப் என்ற ஊரில் 1995 முதல் ஊழியர்கள் மேசையில் அந்தத் துண்டுகளைப் பரப்பி, கிழிசலின் ஓரத்தையும் மையின் நிறத்தையும் பார்த்துப் பார்த்து ஒட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தும் ஐந்நூறு மூட்டைகள் அளவுக்கே முடிந்தது.

1992 முதல் குடிமக்கள் தங்கள் கோப்பைத் தாங்களே படிக்க முடிந்தது. உளவு சொன்னது அண்டை வீட்டார், நண்பர், ஏன், வாழ்க்கைத் துணையே என்று தெரிந்து நொறுங்கியவர்கள் உண்டு. ஆனால் அஞ்சிய அளவுக்குப் பழிவாங்கும் கொலைகள் நடக்கவில்லை. கோப்பு பூட்டியிருக்கும்வரை தெருவில் எல்லோர் மீதும் சந்தேகம் விழும். திறந்தால் சிலர் மீதுதான்.

ஸ்பெயின் எல்லாவற்றையும் மறந்துவிட்டு முன்னேறவில்லையா?
— நாகர்கோவில் வாசகர்

சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சிக்குப் பின், 1977இல் பொதுமன்னிப்புச் சட்டம் இயற்றி மறக்கத்தான் முயன்றார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2007இல், வரலாற்று நினைவுக்கென்றே ஒரு சட்டம் தேவைப்பட்டது. 2019இல் ஃபிராங்கோவின் உடலை நினைவிடத்திலிருந்து தோண்டியெடுத்து வேறிடத்தில் புதைத்தார்கள்.

அப்படியானால் ஆட்சி மாறிய சூட்டோடு தண்டித்துவிட வேண்டும், தாமதித்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது சரிதானே?
— சேலம் வாசகி

அர்ஜென்டினா சூட்டோடுதான் தொடங்கியது. 1985இல், நாட்டை ஆண்ட ராணுவத் தளபதிகளைச் சாதாரண நீதிமன்றத்தில் நிறுத்தி, அவர்களில் ஒருவரான விதேலாவுக்கு ஆயுள் தண்டனை வழங்கியது. வழக்குகள் கீழ்நிலை அதிகாரிகளை நெருங்கியதும் படைமுகாம்களில் முணுமுணுப்பு எழுந்து, 1987 ஈஸ்டர் வாரத்தில் கலகமே மூண்டது. வழக்குகளுக்குக் கெடு வைக்கும் சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே வந்திருந்தது. கலகத்தின் பின், மேலதிகாரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்களுக்கு விலக்களிக்கும் சட்டமும் வந்தது. சில ஆண்டுகளில் தளபதிகளும் மன்னிக்கப்பட்டு வெளியே வந்தார்கள். அப்போது இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால், எல்லாம் முடிந்தது என்றே நானும் பதில் எழுதியிருப்பேன். ஆனால் பியூனஸ் அயர்ஸில் மாயோ சதுக்கத்தைச் சுற்றி காணாமல்போன பிள்ளைகளுக்காக 1977 முதல் வெள்ளைத் தலைத்துணி கட்டி நடந்துவந்த தாய்மார்கள் நடப்பதை நிறுத்தவில்லை. 2005இல் அந்த இரு சட்டங்களும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னிப்புப் பெற்ற விதேலா மீண்டும் தண்டிக்கப்பட்டு, 2013இல், தமது 87ஆம் வயதில், சிறையில் இறந்தார்.